முகம் கழுவும் தவக்காலம்

திருப்பரங்குன்றம்,
தவக்காலம் இரண்டாம் வாரம், ஞாயிறு மாலை.

அன்பு மகன் ஸ்டீபனுக்கு, அப்பா லாசர் சொல்லச் சொல்ல உன் சின்னத் தங்கச்சி ஆஷ்லின் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் தங்கச்சிகள் இரண்டு பேரும் சுகம். நீ சுகம் என்று வாராவாரம் உன் வாய் சொல்கிறது, உன் முகம் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறது, அதனால் அதன் சுகத்தைத் தனியாக அறிய ஆவலாக இருக்கிறோம்.

(அண்ணே, அப்பா சொல்வதை ஓர் எழுத்து கூடாமல் குறையாமல் எழுத வேண்டும் என்று உத்தரவு. ஆகையால் அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அப்பாவால் கண்ணாடி இல்லாமல் சரிபார்க்க முடியாது, கண்ணாடி எங்கே இருக்கிறது என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.)

நானே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பொங்கல் முடிந்த மறு வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கீழக்குயில்குடி சமணர் மலைக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள், ஆபீஸில் இருந்து என்னையும் துணைக்கு அனுப்பினார்கள். யாரும் ஓடக் கூடாது, பாறை வழுக்கும் என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தவன் நான், வழுக்கி விழுந்தவனும் நான் ஒருவன்தான். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. போனில் உன்னிடம் லேசான சுளுக்கு என்று அம்மா சொன்னது பொய், நீ கவலைப்படுவாய் என்று சொன்னது. பார், இந்த வீட்டில் எல்லோரும் ஆளுக்கொன்றை மறைக்கிறோம். பள்ளிக்கூட ஆபீஸில் என் கையெழுத்துக்கு இருக்கும் மரியாதை உனக்குத் தெரியும், அதை இப்படி உன் தங்கச்சியின் கோழிக் கிறுக்கலில் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆனாலும் கடிதம்தான் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. போனில் உன் முகத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே அங்கே நெட் போய்விடுகிறது. போலந்தில் நெட் அம்புட்டு மோசமா என்று அம்மா வெள்ளந்தியாகக் கேட்கிறாள். காகிதத்துக்குக் கேமரா கிடையாது, பாதியில் கட் பண்ணவும் முடியாது. உன் பெரிய தங்கச்சி ரூத்தின் கல்யாணப் பத்திரிகையோடு, நாரத்தங்காய் ஊறுகாய்க்கும் இட்லிப் பொடிக்கும் நடுவில் இதை வைத்து அனுப்புகிறோம். ஊறுகாய் வாசம் அடித்தால் அடிக்கட்டும், நம் வீட்டில் இருந்து வந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கல்யாணம் ஈஸ்டர் கழிந்த மூன்றாவது வாரம், நீ அறிந்ததுதான். மாப்பிள்ளை பெனடிக்ட் திண்டுக்கல்லில் வாத்தியார், சிரிப்புக்குக் கஞ்சத்தனம் பண்ணாத பையன், இரண்டு தடவை வந்தபோதும் உன்னைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். மண்டபம், சாப்பாடு எல்லாம் பேசியாயிற்று. லீவு கிடைக்காது, கல்யாணத்துக்கு வர முடியாது என்று நீ போனில் சொன்ன அன்று ரூத் சேலைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள், அதை அப்படியே மடித்து வைத்துவிட்டு மாடியில் துணி எடுத்து வாரேன் என்று போனாள். கொடியில் துணி ஒன்றும் இல்லை, அம்மா அப்போதுதான் எடுத்து வந்திருந்தாள். வெகுநேரம் கழித்து இறங்கி வந்து மறுபடி குஞ்சத்தைக் கையில் எடுத்தாள். கோயில் வாசலில் இருந்து பீடம் வரைக்கும் ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அண்ணன் என்று பாவாடை கட்டிய நாளில் இருந்து சொல்லி வந்தவள் அவள். உன் கம்பெனி லீவு கொடுக்காத கம்பெனி இல்லை என்று எனக்குத் தெரியும் தம்பி. லீவு கொடுக்காதது உன் முகம்.

புத்தாண்டு அன்று வீடியோவில் வந்தாயே, மெழுகில் செய்து வைத்தது போல முகம் பளபளவென்று இருந்தது. போலந்துத் தண்ணீர் பிள்ளைக்கு ஒத்துக்கொண்டது என்று அம்மா பூரித்துப்போனாள். நீ டீ கிளாசை வாய்க்குக் கொண்டுபோனாய், உடனே உன் கண்ணும் புருவமும் ஏறிப்போய் கிளாசின் மேல் உட்கார்ந்துகொண்டன. கிளாஸ் எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டியது. ஆஷ்லின் தரையில் உருண்டு சிரித்தாள், நானும்தான் சிரித்தேன், முகத்தை அழகாக்கிக் காட்டும் ஃபில்டர் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நீ பதறித் தலையைத் திருப்பினாய், அந்த ஒரு நொடி மெழுகு விலகி உன் சொந்த முகம் வந்தது. இரண்டு கன்னமும் சூடு பட்டது போலச் சிவந்து, தோல் உரிந்து, தாடை முழுக்கப் பருவாக. சிரித்த வாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாங்கள் இருந்தோம், நீ நெட் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு உன் கேமரா உன் ரூம் ஃபேனைத்தான் காட்டுகிறது. ஃபேன் சுகமாக இருக்கிறது என்று தெரிகிறது, மகிழ்ச்சி.

(சன்ஸ்கிரீன் என்றால் என்ன என்று அப்பா கேட்டபோது, மகனாகிய சன் ஸ்கிரீனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது என்று சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. அம்மாவுக்குப் புரியவில்லை. நீயாவது சிரி. அப்புறம், அந்த வெளுப்பு க்ரீம் ரகசியத்தை யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினாயே, நான் காப்பாற்றிவிட்டேன். அப்பா, அம்மா, அக்கா தவிர ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது.)

வெளிநாடு போகிறவன் கொஞ்சம் வெளுத்துப்போனால் மரியாதை கிடைக்கும் என்று எவனோ கூட்டாளி சொன்னானாம், நீ மெடிக்கலில் டியூபாக வாங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனாயாம், முதலில் நன்றாக வெளுத்ததாம், டியூப் தீர்ந்து நிறுத்தியதும் முகம் பற்றிக்கொண்டதாம். இதைக் கேட்டு நான் உன்னைத் திட்டவில்லை, இப்போதும் திட்டப்போவதில்லை. நம் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே நிறம், எதிரே நிற்கும் திருப்பரங்குன்றத்துப் பாறைக்கும் அதே நிறம், அதைப் பார்க்க எத்தனை ஊரில் இருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். அதை உனக்கு யாரும் சொல்லாமல் விட்டோமே என்பதுதான் மனசில் கிடக்கிறது. விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் ஆரம்பித்தார்கள். அம்மா எலுமிச்சம்பழத்தில் மஞ்சளைக் குழைத்துப் போடச் சொல் என்றாள். எதிர்வீட்டு மரியம்மாள் பருவுக்குப் பல் பேஸ்ட்தான் மருந்து என்று அடித்துச் சொன்னார். சலூன்கடை முத்திருளனிடம் யாருக்கு என்று சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன், அண்ணே வயசு போன காலத்துல உங்களுக்கு எதுக்கு ஃபேஷியல், சரி உக்காருங்க என்று என் கழுத்தில் துணியையே கட்டிவிட்டான், தப்பித்து வருவதற்குள் போதும் என்றாகிவிட்டது.

கடைசியில் பஸ் ஏறிச் சிம்மக்கல் போனேன். அங்கே தமிழ்வாணி என்று ஒரு தோல் டாக்டர். வெளியே பெஞ்சு முழுக்கக் காலேஜ் பிள்ளைகள், நடுவில் கையில் மாவுக்கட்டோடு நான். எலும்பு டாக்டர் மாடியில இருக்காரு ஐயா என்று இரண்டு பேர் எழுந்து வழிகூடக் காட்டினார்கள். உள்ளே போனதும் யாருக்குப் பிரச்சினை என்றார் டாக்டர், மகனுக்கு என்றேன், எங்கே அவர் என்றார், போலந்தில் என்றேன். ஆஷ்லின் அன்றைக்குப் போனில் பிடித்து வைத்திருந்த அந்த ஒரு நொடிப் படத்தைக் காட்டினேன். போட்டோவுக்கெல்லாம் மருந்து எழுத முடியாதுங்கய்யா என்று முதலில் சொன்னவர், என் முகத்தைப் பார்த்தாரோ கையைப் பார்த்தாரோ, உட்காரச் சொல்லிப் பேசினார். அந்த மாதிரி க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், விட்டால் முகம் இப்படித்தான் கோபித்துக்கொள்ளும், திரும்ப அதையே போட்டால் அடங்கியது போல ஏமாற்றும், ஆகையால் எக்காரணம் கொண்டும் தானாக மறுபடி போடக் கூடாது, அங்கேயே ஒரு தோல் டாக்டரிடம் காலி டியூபை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்றார். எலுமிச்சை, மஞ்சள், பேஸ்ட், உருளைக்கிழங்கு, ப்ளீச் எதுவும் அந்த முகத்தின் பக்கம் போகக் கூடாதாம். சரியாகுமா என்று கேட்டேன். ஆகும், ஆனா மாசக்கணக்கில் பொறுமை வேண்டும், தினமும் ஒரே வேலையை ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்றார். அவன் செய்வான் என்றேன். உடனே என்னைப் பார்த்து, நீங்க முகத்துக்கு என்ன போடுறீங்கய்யா என்று திருப்பிவிட்டார். குளிக்கிற சோப்பு, சவரம் பண்ணினால் படிகாரக் கல், வெளியே கிளம்பினால் பவுடர் என்றேன். அப்ப பையனுக்குச் சொல்றதை முதல்ல நீங்க செஞ்சு பாருங்க, எம்புட்டு அலுப்பா இருக்கும்னு அப்பத்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதுதான் இந்த வருஷத் தவக்காலத்துக்கு நான் எடுத்த ஒறுத்தல். எல்லோரும் கறியை விட்டார்கள், நான் கறியோடு சேர்த்துச் சோப்பையும் படிகாரத்தையும் முகத்தில் இருந்து விட்டேன். காலையில் மென்மையான ஃபேஸ்வாஷ், ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர், வெளியே போகும் முன் சன்ஸ்கிரீன். இரவில் கழுவிவிட்டு மாய்ஸ்சரைசர் மட்டும். இவ்வளவுதான், கேட்டால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கிறது, தினமும் செய்து பார்த்தால் ஜெபமாலை சொல்லும்போது வரும் அதே கொட்டாவி வருகிறது. ஒற்றைக் கையால் எனக்குக் கழுவ வராது, மாவுக்கட்டில் தண்ணீர் படக் கூடாது, அதனால் முகம் கழுவிவிடும் வேலை ஆஷ்லினுக்கு. குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, கண்ணை மூடுங்க, வாயையும் மூடுங்க என்று அதட்டுகிறாள்.

(ஒரு நாள் ஃபேஸ்வாஷுக்குப் பதில் மாய்ஸ்சரைசரைப் போட்டுத் தேய்த்தேன், நுரையே வரலையே என்று அப்பா கால் மணி நேரம் தண்ணீரைக் குறை சொன்னார். மற்றபடி வேலை சுத்தம். அப்பா கன்னத்தில் அம்மைத் தழும்பு ஒன்று இருக்கிறது அண்ணே, உனக்குத் தெரியுமா? இத்தனை வருஷம் பவுடருக்கு அடியில் இருந்திருக்கிறது.)

அவள் முதல் நாள் கழுவிவிட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. சவரம் பண்ணும் முத்திருளனைத் தவிர என் முகத்தை யாராவது தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. ஆம்பளைகள் நாம் நம் முகத்தைக் கத்தியால்தான் தொடுகிறோம், இல்லையென்றால் துண்டால் பாத்திரம் துலக்குவது போலத் துலக்குகிறோம். நீயும் என்னைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டாய். டாக்டர் சொன்னதில் எனக்குப் பிடித்தது இதுதான், தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீர் கூடாது, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பருவைக் கிள்ளக் கூடாது, ஹீட்டருக்குப் பக்கத்தில் முகத்தை நீட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. வெயிலே இல்லாத ஊரில் சன்ஸ்கிரீன் எதற்கு என்று நினைக்காதே, பனியில் பட்டும் வெளிச்சம் முகத்தில் அடிக்குமாம், ஆனால் எந்த வகை போடலாம் என்று அங்கே டாக்டரைக் கேட்டுப் போடு. சுருக்கமாகச் சொன்னால் ஒரு சின்னப் பிள்ளையின் முகத்தை எப்படிக் கழுவுவாயோ அப்படி உன் முகத்தைக் கழுவு. காய்ச்சல் கண்ட பிள்ளையை யாரும் ஏன்டா இப்படி இருக்கே என்று கோபித்துக்கொண்டு தேய்ப்பதில்லை.

திருநீற்றுப் புதன் கதையை நீ கேட்க வேண்டும். ஒறுத்தல் ஆரம்பிக்கும் முதல் நாள், காலைப் பூசை, ஆஷ்லின் சன்ஸ்கிரீனைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல நெற்றி முழுக்க அடித்து அனுப்பிவிட்டாள். கோயிலில் கூட்டம், ஃபேன் ஓடவில்லை, வேர்த்து ஊற்றுகிறது. சாமியார் சாம்பலில் விரலைத் தொட்டு என் நெற்றியில் சிலுவை போட்டார். சிலுவை நிற்கவில்லை, வழுக்கியது. அவர் விரல் வெள்ளையாகிவிட்டது, என் நெற்றி சேறாகிவிட்டது. அவர் ஒரு தடவை விரலைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார், மறுபடி நிறையச் சாம்பல் எடுத்து அழுத்திப் போட்டார், அது களிமண்ணாகக் குழைந்து புருவம் தாண்டி மூக்கு வழியாக இறங்கியது. பின்னால் வரிசையில் நின்ற எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தவக்காலம் பிறந்து ஐந்து நிமிஷத்திலேயே சிரித்துப் பாவம் கட்டிக்கொண்டார்கள். போட்டோ என்றால் ரேஷன் கார்டுக்குக்கூட இரண்டு தடவை தலை சீவுகிறவன் நான், உனக்குத் தெரியும். துடைத்துவிடலாம் என்று கர்ச்சீப்பை எடுத்தேன். சுற்றிப் பார்த்தேன். தலைமையாசிரியருக்கு நெற்றியில் கரி, ரூத்துக்கு அழகான நெற்றியில் கரி, கைக்குழந்தைக்குக்கூடக் கரி. ஒருவரும் துடைக்கவில்லை, ஒருவரும் மறைக்கவில்லை, அப்படியே பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்கள். நான் கர்ச்சீப்பைப் பையில் வைத்துவிட்டேன். அன்று முழுக்க ஆபீஸில் அந்தச் சேற்று மூக்கோடுதான் உட்கார்ந்திருந்தேன், அப்போதெல்லாம் உன் நினைவுதான். உங்கள் போலந்துக் கோயிலில் சாம்பலை உச்சந்தலையில் தூவிவிடுகிறார்கள், முகத்தில் போடுவதில்லை என்று போன வருஷம் நீ சொன்னாயே, அதுவும் ஞாபகம் வந்தது.

ரூத் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், அவளாகச் சொல்ல மாட்டாள். கல்யாணப் போட்டோ எடுக்கும் மருது போன வாரம் வீட்டுக்கு வந்தான். ஆல்பத்துல எல்லார் முகத்தையும் நைஸா க்ளீன் பண்ணித் தந்துருவேன்க்கா, ஒரு பரு தெரியாது என்று சொன்னான். ரூத் அவனிடம், எங்க வீட்டு ஆளுக யார் முகத்தையும் நீங்க தேய்க்க வேணாம்ணே, எங்க அண்ணன் எப்படி வந்து நிக்குதோ அப்படியே எடுங்க என்றாள். நீ வரப்போவதாகவே சொல்லிவிட்டாள். வர முடியாது என்று நீ சொன்னது அவள் காதில் விழவே இல்லை போல.

ஆகவே தம்பி, முகம் சரியாகட்டும், பிறகு வருகிறேன் என்று நினைக்காதே. அது சரியாக மாசக்கணக்கு ஆகும் என்று டாக்டரே சொல்லிவிட்டார், கல்யாணம் அதற்காகக் காத்திருக்காது. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று உனக்குப் பயமாக இருக்கும். கேட்பார்கள், நம் சனம் கேட்காமல் இருக்காது, உன் பெரியத்தை பந்தலுக்குள் காலை வைத்ததும் கேட்கும். டாக்டரிடம் காட்டுகிறேன் அத்தை என்று ஒரு வரி சொல்லிவிட்டு இலையில் உட்கார், மற்றதை ஆஷ்லின் பார்த்துக்கொள்வாள், பெரியத்தைக்குப் பதில் சொல்லவே அவளை வளர்த்து வைத்திருக்கிறோம். வரும் ஞாயிறு வீடியோவில் வா, ஃபேனைக் காட்டாதே. நாங்கள் நான்கு பேரும் சன்ஸ்கிரீனை அப்பிக்கொண்டு வெள்ளையடித்த சுவராக உட்கார்ந்திருப்போம், எங்களைவிடவா நீ விசித்திரமாக இருந்துவிடப் போகிறாய். நீ கல்யாணத்துக்கு வரும்போது கட்டு அவிழ்ந்து என் கை சரியாகியிருக்கும். பிரயாண அலுப்போடு வருவாய், குழாயடியில் அதே ஸ்டூல் கிடக்கும். உட்கார், நான் கழுவிவிடுகிறேன். தேய்க்க மாட்டேன், இப்போது எனக்கு எப்படி என்று தெரியும்.

மாதாவின் அடைக்கலமும் ஆண்டவரின் சமாதானமும் உன் தலையிலும் உன் கன்னத்திலும் தங்கட்டும். அம்மா முத்தம் அனுப்புகிறாள், அதுவும் ஒற்றித்தான். டாக்டரிடம் போகும்போது காலி டியூபை மறக்காதே, டிக்கெட் போட்டதும் ரூத்துக்கு முதலில் சொல், ஊறுகாயை ஃப்ரிட்ஜில் வை.

(அண்ணே, கவருக்குள் ஒரு போட்டோ இருக்கிறது, பத்திரிகைக்கு அடியில் பார். திருநீற்றுப் புதன் அன்று கோயில் வாசலில் அப்பாவை நான் திருட்டுத்தனமாக எடுத்தது, ஃபில்டர் இல்லை. மூக்கு நுனியில் தொங்கும் அந்தச் சொட்டுவரை தெளிவாக விழுந்திருக்கிறது. இதை வெளியே விட்டால் தொலைத்துவிடுவேன் என்று அன்றைக்கு அப்பா என்னைத் துரத்தினார். நேற்று அவரே கேட்டு வாங்கி, பிரிண்ட் போட்டு வரச் சொல்லி அனுப்பினார். உன் முகம் இதைவிட மோசமாக இருந்தால் மட்டும் நீ வர வேண்டாமாம். இப்போது பேனாவைக் கொடு என்று பிடுங்குகிறார், கடைசி வரியை அவரே போடுவாராம், இடது கையால். எழுத்து மேலேயும் கீழேயும் போகும், பத்தாம் வகுப்பு சர்டிஃபிகேட்டில் உன் பெயரை முத்து முத்தாக எழுதிய அதே ஆள்தான், சந்தேகப்படாதே. கண்ணாடி வேறு கேட்கிறார். கொடுத்துவிட்டேன்.)

வந்துருப்பா.
அப்பா
லாசர்